நின்றே கெடும் வண்டி: கடலோரக் கேரவனும் அதை இழுக்கும் பிக்கப்பும்

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில், 1985-இல் திறக்கப்பட்ட பினாங்கு பாலம் தீவைத் தொடும் கெலுகோரில் ஒரு கேரவனை வைத்திருப்பவர், அதாவது படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கொண்டு, தனக்கென எஞ்சின் இல்லாமல் மற்றொரு வண்டியால் இழுக்கப்படும் வீட்டு வண்டியை வைத்திருப்பவர், பெரும்பாலும் பள்ளி விடுமுறைகளிலும் நீண்ட வார இறுதிகளிலும் மட்டுமே அதை ஓட்டுகிறார். மற்ற நாட்களில் அது மலாக்கா நீரிணையின் உப்புக் காற்றிலும், ஆண்டுக்குச் சுமார் 2,400 மி.மீ. பெய்யும் மழையிலும், அம்மழை ஓய்ந்தவுடன் கூரையை வறுக்கும் வெயிலிலும் அசையாமல் நிற்கிறது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் பராமரிப்பைப் பயண தூரத்தைக் கொண்டும் பனிக்காலத்தைக் கொண்டும் வகுத்துச் சொல்ல, இத்தீவில் இரண்டுமே பொருந்தாமல், நாள்காட்டி ஒன்றே நம்பத்தக்க அளவுகோலாக எஞ்சுகிறது. இந்த அத்தியாயத்தின் வேலைகள் அனைத்தும், ஓடுவதால் வரும் தேய்மானத்தைவிட நிற்பதால் வரும் கேடே இங்கு முந்திக்கொள்கிறது என்னும் அடிப்படையில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

தொடங்குமுன் பார்க்கவேண்டிய தாள்கள்

ஸ்பானரை எடுப்பதற்கு முன் மூன்று எண்களைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, கேரவனின் சட்டத்தில் அடிக்கப்பட்டிருக்கும் தகட்டில் உள்ள மொத்த எடை வரம்பு. சாமான், தண்ணீர், எரிவாயு எல்லாம் ஏற்றிய பின் கேரவன் தாங்கக்கூடிய உச்ச எடை இதுவாகும். இரண்டாவது, பிக்கப்பின் சுமை வரம்பு. மூன்றாவது, இரு வண்டிகளும் சேர்ந்து தாண்டக்கூடாத கூட்டு எடை வரம்பு. கடைசி இரண்டையும் மலேசியாவில் அவ்வண்டியோடு தரப்பட்ட கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும். ஒரே பெயரில் விற்கப்படும் பிக்கப் ஆஸ்திரேலியாவில் 3,500 கி.கி. இழுக்கும் என்று விளம்பரமானாலும், அங்கு விற்கப்படும் வண்டியின் பல்சக்கர விகிதமும் குளிர்விப்பும் பின்சட்டமும் இங்குள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இழுவைக்கு இவ்வண்டி உகந்ததன்று எனக் கையேடே சொல்லுமானால் பேச்சு அத்துடன் முடிந்தது.

கேரவனும் பதிவு செய்யப்படவேண்டிய ஒரு வாகனமே என்பதால், சட்டத்தில் பற்றவைப்பு, அச்சு மாற்றம், இழுவைக் கொக்கி பொருத்துதல் போன்ற எந்த மாற்றத்துக்கும் முன்பாகச் சாலைப் போக்குவரத்துத் துறையிடம், அதாவது ஜே.பி.ஜே.யிடம், அனுமதியும் சோதனையும் தேவையா என்று கேட்டறிவதும், காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் நன்று. வேலை முடிந்தபின் கேட்பது செலவை இரட்டிப்பாக்கும்.

*குறிப்பு:* அமெரிக்காவிலிருந்து வந்த பழைய கேரவனை வாங்க எண்ணுபவர் இரண்டைக் கவனிக்க வேண்டும். அங்கு வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்வதால் கதவும் வலப்பக்கத்தில் இருக்கும். இடப்பக்கம் செல்லும் மலேசியச் சாலையின் ஓரத்தில் நிறுத்தினால் அக்கதவு ஓடும் வண்டிகளை நோக்கித் திறக்கும். உள்ளிருக்கும் மின்கருவிகளோ 120 வோல்ட்டுக்கு உரியவை. இங்குள்ள 240 வோல்ட் இணைப்பில் அவற்றைச் செருகினால் கருகிவிடும்.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டிக்காரர் வழக்கிலிருக்கும் இவ்விரு சொற்களே கேரவனின் நிலைத்தன்மையை விளக்கப் போதுமானவை. பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் கழுத்தை அழுத்தும். கேரவனில் மாட்டின் கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் பிக்கப்பின் பின்புறத்து இழுவைப் பந்து, அதாவது கேரவனின் முன்முனையில் உள்ள கிண்ணம் போன்ற பூட்டு கவிந்து பூட்டிக்கொள்ளும் இரும்பு உருண்டை, இருக்கிறது. கேரவனின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்பந்தின்மேல் முன்பாரமாக இறங்குவது பொதுவான இலக்கு. கேரவன் தயாரிப்பாளர் வேறு அளவு குறித்திருந்தால் அதுவே செல்லும். முன்பாரம் குறைந்துவிட்ட கேரவன் வேகம் கூடியதும் பாம்பு நெளிவதுபோல் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, பிக்கப்பையும் தன்னோடு சுழற்றிவிடக்கூடும். அளவுக்கு மீறிய முன்பாரமோ பிக்கப்பின் பின்பக்கத்தை அமிழ்த்தி, முன்சக்கரங்களின் பிடியைக் குறைக்கிறது.

குளியலறை எடைக்கருவியைக் கொண்டு முன்பாரத்தை வீட்டு வாசலிலேயே அளக்கலாம்:

1. பயணத்துக்கு ஏற்றுவதுபோலவே தண்ணீர், எரிவாயு உருளை, சாமான் எல்லாவற்றையும் ஏற்றி, கேரவனைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களின் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை இடவேண்டும்.
2. ஓர் உறுதியான பலகையின் ஒரு முனையை எடைக்கருவியின்மேலும், மறுமுனையை அதே உயரமுள்ள மரக்கட்டையின்மேலும் வைக்க வேண்டும். இரண்டும் பலகையைத் தொடும் இடங்களுக்கு இடையே சரியாக 3 அடி இருக்க வேண்டும்.
3. பலகையின் எடையைக் கழிப்பதற்காக, இந்நிலையில் கருவி காட்டும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
4. மரக்கட்டையிலிருந்து 1 அடி, எடைக்கருவியிலிருந்து 2 அடி தொலைவில் கேரவனின் முன்முனை அமரும்படி, முனைத் தாங்கியை மெல்ல இறக்க வேண்டும்.
5. இப்போது கருவி காட்டும் அளவிலிருந்து முன்பு குறித்ததைக் கழித்து, 3-ஆல் பெருக்கினால் முன்பாரம் கிடைக்கும்.

இந்த முன்பாரம் கேரவனின் எடையில் மட்டுமன்றிப் பிக்கப்பின் சுமைக் கணக்கிலும் சேரும் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். நான்கு பெரியவர்கள், பின்தொட்டியில் கூடாரமும் ஐஸ் பெட்டியும், அவற்றின்மேல் 120 கி.கி. முன்பாரம் என்று கூட்டிப் பார்த்தால் பிக்கப்பின் சுமை வரம்பு எவ்வளவு விரைவில் நிரம்புகிறது என்பது தெரியும். 80 லிட்டர் தண்ணீர் என்பது 80 கி.கி.; சேருமிடத்தில் குழாய் இருக்குமானால் தொட்டியை நிரப்பிக்கொண்டு போவது வீண் பாரம். மயிலிறகும் மிகுந்தால் அச்சை முறிக்கும் என்பதைத் தமிழ் வாசகருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

சக்கரக் குடமும் பேரிங்கும்

கேரவனில் மிகக் குறைந்த செலவில் தடுக்கக்கூடியதும், தடுக்காவிட்டால் நெடுஞ்சாலையில் சக்கரமே கழன்றோடும் நிலைக்குக் கொண்டுபோவதுமான பழுது பேரிங் பழுதே. சக்கரக் குடத்துக்குள் உள்ளொன்றும் வெளியொன்றுமாக இரு கூம்பு உருளை பேரிங்குகள் கிரீஸில் ஊறி அமர்ந்திருக்கின்றன. வண்டி ஓடும்போது அந்தக் கிரீஸ் பரவிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் நிற்கும்போதோ அது கீழே வடிந்து, மேற்பகுதி உருளைகள் ஈரக்காற்றுக்குத் திறந்துகொள்ள, உருளைக்கும் அது அமரும் வளையத்துக்கும் இடையே மெல்லிய துருக்கோடுகள் விழுகின்றன. ஆகவே ஓராண்டு அல்லது 20,000 கி.மீ., இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது, குடத்தைக் கழற்றிப் புதுக் கிரீஸ் இடவேண்டும் என்பது பொதுவிதி. கெலுகோரில் எப்போதும் முந்துவது ஓராண்டுதான். மாதம் ஒருமுறை கேரவனைச் சில அடிகளாவது முன்னும் பின்னும் நகர்த்தி வைத்தால் பேரிங், டயர் இரண்டுக்கும் நன்மை உண்டு.

தேவையானவை: ஜாக்கி, ஒரு சோடி இரும்புத் தாங்கிகள், முட்டுக்கட்டைகள், சக்கர ஸ்பானர், குறடு, மண்ணெண்ணெய், புதிய எண்ணெய்ச் சீல், புதிய பிளவு ஆணி, பேரிங் கிரீஸ்.

1. கேரவனைப் பிக்கப்போடு பூட்டியபடியே வைத்து, பிக்கப்பின் கை பிரேக்கை இழுத்து, தூக்கப்படாத பக்கத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இடவேண்டும். தைப்பூசத்தில் வெள்ளி ரதத்தின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைப்பவர்களின் எச்சரிக்கை இங்கும் வேண்டும்: சாய்வு கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் சக்கரத்துக்குத் தெரியும்.
2. தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, தயாரிப்பாளர் குறித்த இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சட்டத்தின் கீழ் இரும்புத் தாங்கியை நிறுத்த வேண்டும். நான்கு மூலைகளிலும் உள்ள நிலைக்கால்கள் கேரவன் ஆடாமல் நிற்பதற்கானவை. அவற்றைக்கொண்டு வண்டியைத் தூக்கினால் வளைந்துவிடும்.
3. சக்கரத்தைக் கழற்றி, குடத்தின் தூசி மூடி, பிளவு ஆணி, கிரீட வடிவ நட்டு, வளையம், வெளிப்பேரிங் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே எடுத்து ஒரு துணியில் பரப்ப வேண்டும். பிறகு குடத்தை இழுத்தெடுத்து, பின்பக்கச் சீலை நெம்பி, உட்பேரிங்கை எடுக்கலாம்.
4. மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலர விடவேண்டும். காற்றழுத்தக் குழாயால் பேரிங்கைச் சுழலவிட்டு உலர்த்தும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. மசகின்றிச் சுழலும் உருளை தெறித்துக் கண்ணைப் பறிக்கக்கூடும் என்பதால் அது கூடாது.
5. உருளைகளில் நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டின் அடையாளம். குழிகளோ கோடுகளோ இருந்தால் அது துருவின் அடையாளம். எதுவாயினும் பேரிங்கோடு அது அமரும் வளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.
6. உள்ளங்கையில் கிரீஸை எடுத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கத்தில் கிரீஸ் பிதுங்கி வரும்வரை நிரப்ப வேண்டும். மேலே பூசினால் போதாது.
7. உட்பேரிங், புதுச் சீல், குடம், வெளிப்பேரிங், வளையம், நட்டு என மீண்டும் பொருத்தி, குடத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கிப் பாகங்களை அமரச் செய்து, பின் நட்டைத் தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, பிளவு ஆணியின் துளை பொருந்தும் அடுத்த இடத்தில் நிறுத்த வேண்டும்.
8. புதுப் பிளவு ஆணியைச் செருகி, அதன் கால்களை மடக்க வேண்டும். அச்சாணி பற்றிய பழமொழியில் வரும் சிற்றாணியின் வேலையைச் செய்வது இதுவே என்பதால், பழைய ஆணியை நிமிர்த்தி மீண்டும் இடுவது எவ்வகையிலும் சிக்கனம் ஆகாது.

*வழக்கமான தவறுகள்:* நட்டை அளவுக்கு மீறி இறுக்குவதே முதல் தவறு. இறுக்கமே பாதுகாப்பு என்னும் எண்ணம் டயர் நட்டுக்குப் பொருந்தும், பேரிங் நட்டுக்குப் பொருந்தாது. வெவ்வேறு வகைக் கிரீஸ்களைக் கலப்பது இரண்டாவது: லித்தியம் வகையும் வேறு அடிப்பொருள் கொண்ட வகையும் சேர்ந்தால் குழம்பி இளகிவிடலாம் என்பதால், வகை மாற்றும்போது பழையதை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும், நிறத்தைக்கொண்டு கிரீஸின் வகையை அறிய முடியாது. படகு டிரெய்லரும் வைத்திருப்பவர் கூடுதலாக ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: ஓடிச் சூடேறிய குடத்தை உடனே கடலில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சட்டெனச் சுருங்கி உப்புநீரைச் சீல் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். குடம் கையால் தொடும் அளவுக்கு ஆறியபின் இறக்குவதே முறை.

டயரும் நட்டும்

கேரவன் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. பட்டன்கள் புதிதாகவே இருக்க, பக்கச் சுவர் வெயிலில் வெடித்து, சூடான நெடுஞ்சாலையில் ஒருநாள் கிழிந்துவிடும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்புக் காலத்தைச் சொல்கிறது. 3521 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரம் எனப் பொருள். ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் ஆனவற்றை, பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுவது நல்லது. காற்றழுத்தத்தை ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும்; ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடியிருப்பது இயல்பு, அதைக் கண்டு காற்றை இறக்குவது தவறு.

சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின், நட்டுகளை எதிரெதிர் வரிசையில் அளவு ஸ்பானரால், அதாவது இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பானரால், இறுக்கி, முதல் 80 கி.மீ. ஓடியதும் நிறுத்தி மீண்டும் இறுக்க வேண்டும். அரை அங்குல ஆணி கொண்ட டிரெய்லர் சக்கரங்களுக்குப் பொதுவாக 120 முதல் 160 நியூட்டன் மீட்டர் வரை குறிக்கப்படுகிறது. அவரவர் வண்டியின் தகட்டில் உள்ள அளவே முடிவானது.

பூட்டும் பிரேக்கும்

இழுவைப் பந்தில் 50 மி.மீ. அளவும், அதைவிடச் சிறிய 1⅞ அங்குல அளவும், அதாவது 47.6 மி.மீ. அளவும், சந்தையில் உள்ளன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். சிறிய பந்தின்மேல் பெரிய பூட்டு கவிந்து, பூட்டிக்கொண்டதுபோல் ஒலியும் எழுப்பி, முதல் மேட்டில் கழன்றுவிடும். பந்தின் தலையிலும் பூட்டின் மேலும் பொறிக்கப்பட்டுள்ள அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தபின், பூட்டிய நிலையில் முனைத் தாங்கியைத் திருப்பிப் பிக்கப்பின் பின்பக்கம் சற்று மேலெழும்வரை தூக்கிப் பார்ப்பதே உண்மையான சோதனை. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் பூட்டின் அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக மாட்டினால், பூட்டு கழன்றாலும் முன்முனை சாலையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

750 கி.கி. வரையிலான டிரெய்லர்களை ஐக்கிய நாடுகளின் வாகன வகைப்பாடு தனிப் பிரிவாக வைத்திருக்கிறது. பல நாடுகளில் அவ்வெடையைத் தாண்டிய டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். கேரவன்களில் இருவகை பிரேக்குகள் உண்டு. பிக்கப் வேகம் குறையும்போது கேரவன் முன்னோக்கித் தள்ளும் விசையாலேயே இயங்கும் உந்துவிசை பிரேக் ஒன்று. ஓட்டுநரின் அருகிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் மின்சாரத்தால் டிரம்முக்குள் உள்ள காந்தம் இயங்கும் மின்பிரேக் மற்றொன்று. மின்பிரேக்கில் ஒவ்வொரு சக்கரத்தின் காந்தமும் ஏறத்தாழ 3 ஆம்பியர் எடுக்கும். அளவு மிகக் குறைந்திருந்தால் கம்பி இணைப்பில் உப்புப் பூத்திருக்கிறது என்றே முதலில் கொள்ளலாம்.

கேரவன் தனியே பிரிந்தால் தானாகப் பிரேக் பிடிக்கச் செய்யும் அவசரச் சுவிட்சை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு சோதிக்க வேண்டும். முதலில் பிக்கப்பிலிருந்து மின்செருகியைக் கழற்றி, பின் சுவிட்சின் ஊசியை இழுத்து, சக்கரம் பூட்டிக்கொள்கிறதா என்று பார்த்து, உடனே ஊசியைத் திரும்பச் செருக வேண்டும். செருகியைக் கழற்றாமல் சோதித்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி கெடலாம். ஊசியைச் செருக மறந்தால் அதன் பாட்டரி தீர்ந்துவிடும். இச்சுவிட்சின் கம்பியை இழுவைப் பந்தின் கழுத்தில் மாட்டுவோர் பலர். பந்தே கழன்று போகும் விபத்தில் கம்பியும் அதனோடு போய்விடும் என்பதால், அதைப் பிக்கப்பின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டும்.

உப்பும் ஒழுகலும்

பத்து ஃபெரிங்கியிலோ தெலுக் பகாங்கிலோ கடற்கரையை ஒட்டி இரவு தங்கித் திரும்பிய கேரவனின் அடிப்பாகத்தை அன்றே நன்னீரால் கழுவ வேண்டும். அழுத்தம் மிகுந்த நீரைவிட, தோட்டக் குழாயால் நெடுநேரம் ஓடவிடும் நீர் உப்பைக் கரைக்க ஏற்றது. அழுத்தப் பீச்சல் பேரிங் சீலுக்குள்ளும் மின் இணைப்புகளுக்குள்ளும் நீரைப் புகுத்திவிடும். சட்டத்தின் குழல்களில் உள்ள வடிதுளைகள் மண்ணால் அடைபட்டிருந்தால் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும், ஏனெனில் துரு உள்ளிருந்தே தின்கிறது. மேலே தெரியும் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துத்தநாகப் பூச்சு கொடுத்து, அதன்மேல் வண்ணம் அடிக்கலாம். துருவின்மேல் நேரே கறுப்பு வண்ணம் அடித்து மூடுவது விற்பவர் செய்யும் வேலை. அலுமினியத்தில் எஃகு போல்ட்டு இறங்கும் இடங்களில் உப்புநீர் பட்டால் அலுமினியம் வெண்பொடியாக அரிக்கப்படும் என்பதால், போல்ட்டின்மேல் தடுப்புப் பசை பூசிய பின்னரே முடுக்க வேண்டும்.

துருவை நேரில் காணலாம். ஒழுகலைக் காண முடியாது. சுவருக்குள் மரச்சட்டம் கொண்ட கேரவனில் கூரை மடிப்பின் வழியே இறங்கும் நீர், உள்ளே கறை தெரியும் முன்பே மரத்தை மக்கச் செய்துவிடுகிறது. ஆகவே ஜனவரி, பிப்ரவரியின் வறண்ட வாரங்களில் கூரையைப் பரிசோதித்து முடித்துவிட்டால், செப்டம்பர், அக்டோபரின் பெருமழைக்கு முன் திருத்த நேரம் இருக்கும்.

1. பலகை பரப்பி, அதன்மேல் முழங்காலிட்டே கூரையில் ஏற வேண்டும். ஈரமான கூரையில் ஏறவே கூடாது.
2. காற்றுப்போக்கி, ஏரியல், சூரியத் தகடு ஆகியவற்றின் சுற்றுப்புறத்திலும் மூலை மடிப்புகளிலும் உள்ள பழைய அடைப்பை விரல் நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெடித்திருந்தாலோ விளிம்பு தூக்கியிருந்தாலோ அது தண்ணீருக்கு வழி.
3. பழைய அடைப்பை நெகிழிக் கத்தியால் சுரண்டியெடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, உலரவிட வேண்டும்.
4. உலோகப் பட்டையின் அடியில் பியூட்டைல் நாடாவும், மேலே கூரைக்குரிய தானே பரவும் அடைப்பும் இடவேண்டும்.
5. ஒரு நாள் கழித்துக் கூரையில் நீரூற்றிக்கொண்டே, உள்ளே அலமாரி மூலைகளைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கோனைக் கூரையில் பூசுவதே இவ்வேலையில் மிகப் பரவலான தவறு. அது வெயிலில் விளிம்பு பெயர்ந்துவிடும். பெயர்ந்தபின் அது விட்டுச்சென்ற படலத்தின்மேல் வேறு எந்த அடைப்பும் ஒட்டாது.

நிறுத்தி வைக்கும்போது முன்முனையைச் சற்று உயர்த்தியோ தாழ்த்தியோ சாய்வு கொடுத்தால் கூரையில் நீர் தேங்காது. கேரவனை நெகிழி விரிப்பால் இறுக்கி மூடுவது இத்தட்பவெப்பத்தில் பூஞ்சைக்குப் பந்தல் போடுவதாகும். காற்றோட்டமுள்ள கூரைநிழலே சிறந்தது. அடுக்குமாடி வாசிகளுக்கு அது கிட்டாத ஆடம்பரம் என்பது உண்மைதான். அவர்கள் மெத்தையைச் செங்குத்தாக நிறுத்தி, அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து, மாதம் ஒருமுறை ஒரு பகல் முழுவதும் சன்னல்களைத் திறந்து வைத்தால் போதும்.

மின்சாரமும் எரிவாயுவும்

பின்விளக்கு மங்குவது, இடப்பக்கச் சைகை விளக்கோடு பிரேக் விளக்கும் சேர்ந்து சிமிட்டுவது போன்ற விந்தைகளுக்குப் பெரும்பாலும் காரணம் தரை இணைப்புக் கம்பி, அதாவது மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும் கம்பி, துருப்பிடித்திருப்பதே. பல்பை மாற்றும் முன் அக்கம்பியின் முனையைக் கழற்றி, பளபளக்கும்வரை தேய்த்து, மின்கடத்தா கிரீஸ் பூசி முடுக்க வேண்டும். செருகியின் ஊசிகளுக்கும் இதே மருந்துதான்.

ஈயப் பாட்டரியைச் சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்தால், 12.6 வோல்ட் நிறைந்ததையும் 12.2 வோல்ட் ஏறத்தாழ பாதியையும் குறிக்கும். பாதிக்குக் கீழே இறங்கியபடி மாதக்கணக்கில் நிற்கும் பாட்டரி மீளாது. 240 வோல்ட் இணைப்பு உள்ள கேரவனில், மலேசிய வீடுகளில் ஈ.எல்.சி.பி. என்று வழங்கும் கசிவுமின் துண்டிப்பான், 30 மில்லி ஆம்பியர் வகை, கட்டாயம் இருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை ஒவ்வொரு முகாமிலும் அழுத்திப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்து வேலைகளைத் தகுதி பெற்ற மின்பணியாளரிடமே விடவேண்டும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே உருளை வைக்கும் பெட்டியின் அடித்தளத்திலேயே வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். அத்துளையை எறும்பு வருகிறதென்று அடைப்பவர் தமக்கே பொறி வைக்கிறார். உருளையை நிமிர்த்திக் கட்டி, ஓடும்போது வால்வை மூடி, குழாயின் மூட்டுகளைச் சோப்பு நுரையால் சோதிக்க வேண்டும். தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்கக்கூடாது. நெடுநாள் நின்ற கேரவனின் குளிர்பெட்டிப் புகைப்போக்கியில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். அதை எடுக்காமல் பற்றவைத்தால் நச்சுப்புகை உள்ளே திரும்பும்.

இழுக்கும் வண்டி

பிக்கப்பின் எஞ்சின் ஆற்றலைப் பற்றி எழும் விவாதங்களில் பாதியளவு அதன் குளிர்விப்பைப் பற்றி எழுந்தால் நன்று. ஏறும்போது சூடாவது கியர்பெட்டி எண்ணெய். இறங்கும்போது சூடாவது பிரேக். கேரவனும் பிக்கப்பும் சேர்ந்து 3,500 கி.கி. எனக் கொண்டால், 1,000 மீட்டருக்கு மேலே உள்ள கேமரன் மலை ஊர்களிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும்போது, ஒவ்வொரு 1,000 மீட்டர் இறக்கத்திலும் ஏறத்தாழ 115 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் எங்காவது போயாக வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் ஏற்கும். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் முழுவதையும் டிஸ்க்கும் டிரம்மும் ஏற்க வேண்டும். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காத டாட் 4 வகைத் திரவம், ஈரம் ஏறியபின் 155 பாகையிலேயே கொதித்து, மிதிகட்டை தரையைத் தொட்டாலும் பிரேக் பிடிக்காத நிலைக்குக் கொண்டுபோகலாம். ஈரம் மிகுந்த இத்தீவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது மேம்பாடு எனப்படாது, கடமை எனப்படும்.

தீபகற்ப மலேசியாவில் 2019 முதல் விற்பனையில் உள்ள பி10 டீசலில் பத்து விழுக்காடு பனையெண்ணெயிலிருந்து வந்த பயோடீசல் கலந்திருக்கிறது. சாதாரண டீசலைவிட இது ஈரத்தை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். கேரவனுக்காகவே வாங்கி, மற்ற நாட்களில் நிறுத்தி வைக்கப்படும் பிக்கப்பில், டாங்கியை நிறைத்தே வைப்பதும், பயணத்துக்கு முன் எரிபொருள் வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தேங்கிய நீரை வடிப்பதும் வழக்கமாக வேண்டும்.

எதை முதலில் மேம்படுத்துவது

மேம்பாட்டுக்குக் கையிலிருக்கும் பணம் குளிர்சாதனத்துக்கே முதலில் ஓடுவது இயல்பு. ஆனால் பிரேக், டயர், விளக்கு ஆகியவை தேறிய பின்னரே அந்தப் பணம் அசைய வேண்டும். அடுத்த இடம் பாட்டரிக்கு. 100 ஆம்பியர் மணி ஈயப் பாட்டரி 30 கி.கி. அளவுக்கு எடையுள்ளதாகவும் அதில் பாதியே பயன்படத்தக்கதாகவும் இருக்க, அதே கொள்ளளவு லித்தியம் பாட்டரி 12 கி.கி. அளவில் ஏறத்தாழ முழுவதையும் தரும். எடை குறைவது நல்லதே. முன்முனைப் பெட்டியிலிருந்த பாட்டரியை மாற்றியபின் முன்பாரம் குறைந்துவிட்டதா என்று மீண்டும் அளக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

லித்தியம் பாட்டரியைப் பிக்கப்பின் ஆல்டர்னேட்டரோடு நேரே இணைத்தால், அது அளவின்றி மின்சாரத்தை உறிஞ்சி ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும். இடையே நேர்மின் சார்ஜர் ஒன்றை வைத்து, பிக்கப்பின் பாட்டரியை ஒட்டியே ஃபியூஸ் போட்டு, தடித்த கம்பி இழுக்க வேண்டும். 8 மீட்டர் தொலைவுக்கு 20 ஆம்பியர் செல்லும்போது 4 சதுர மி.மீ. கம்பியில் 1.4 வோல்ட் அளவுக்கு இழப்பு ஏற்பட, 16 சதுர மி.மீ. கம்பியில் அது 0.35 வோல்ட் அளவே இருக்கும். கம்பியில் மிச்சம் பிடித்துச் சார்ஜரைக் குறைசொல்வது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு.

குளிர்சாதனத்தைப் பற்றி ஒரு கணக்கு போதும். 600 வாட் எடுக்கும் சிறிய கருவி 100 ஆம்பியர் மணி லித்தியம் பாட்டரியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரமே ஓடும். அதை 240 வோல்ட் இணைப்பு கிடைக்கும் முகாமுக்கு உரியதாக ஒதுக்கிவிட்டு, மின்விசிறி, கூரைக் காற்றுப்போக்கி, கொசுவலை ஆகியவற்றுக்குச் செலவிடுவது அறிவுடையது. பிக்கப்பின் பின்பக்கம் அமிழ்வதைத் தடுக்கக் காற்றுப்பை பொருத்துவோர், அது உயரத்தை மட்டுமே திருத்துகிறது, சுமை வரம்பை உயர்த்துவதில்லை என்பதை அறிந்தே பொருத்த வேண்டும்.

பாலத்தைக் கடக்கும் நாள்

கெலுகோரிலிருந்து புறப்படும் கேரவனுக்குத் தொடக்கத்திலேயே ஒரு தேர்வு காத்திருக்கிறது: 13.5 கி.மீ. நீளமுள்ள பாலத்தில், கடலின்மேல் 8.4 கி.மீ. தூரம், பக்கவாட்டுக் காற்றுக்கு உயரமான சுவரைக் காட்டிக்கொண்டு செல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியலுக்கு முன்னும் பின்னும் நீரிணையைக் கடந்துவரும் சுமத்ரா சூறைக்காற்று சில நிமிடங்களில் வலுத்துவிடும் என்பதால், மேற்கே வானம் கறுத்திருந்தால் புறப்பாட்டை ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாம். தீவிலிருந்து வெளியேறும் திசையில் டோல் இல்லை. திரும்பும்போது உண்டு, அதுவும் அச்சுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மூன்று அச்சு என எண்ணப்படும் இக்கூட்டு வண்டி கார் கட்டணத்தை எதிர்பார்த்துப் போகக்கூடாது.

கேரவன் ஆடத் தொடங்கினால் பிக்கப்பின் பிரேக்கை அழுத்துவதும், எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்பி ஆட்டத்தை அடக்க முயல்வதும் ஆட்டத்தை வளர்க்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, மின்பிரேக் இருந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கைநெம்பைத் தள்ளிக் கேரவனை மட்டும் பிடிக்கச் செய்ய வேண்டும். கோலாகங்சாருக்கும் ஈப்போவுக்கும் இடையே மெனோரா சுரங்கத்தை ஒட்டிய நீண்ட இறக்கத்தில் இந்த ஆட்டம் தோன்ற வாய்ப்பு மிகுதி என்பதால், இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு வந்துவிட வேண்டும்.

தெற்கே செல்பவர் குனோங் செமாங்கோல் ஓய்விடத்தில் நிறுத்திச் செய்யவேண்டியவை:

1. நான்கு பக்கமும் நடந்து, சங்கிலி, செருகி, பூட்டு ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பார்த்தல்.
2. ஒவ்வொரு குடத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுதல். எல்லாம் ஒரே அளவில் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சுட்டால் பிரேக் ஒட்டியிருக்கலாம், அல்லது பேரிங் நட்டு அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம். அதைத் திருத்தாமல் நகரக்கூடாது.
3. சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் நட்டுகளை அளவு ஸ்பானரால் மீண்டும் இறுக்குதல்.
4. கேரவனின் உள்ளே எட்டிப் பார்த்து, அலமாரிக் கதவும் எரிவாயு வால்வும் மூடியிருப்பதை உறுதி செய்தல்.

திரும்பி வந்த மாலையில், களைப்பைச் சாக்காக வைத்துத் தண்ணீர்த் தொட்டியை வடிக்காமல் விடும் பழக்கமே அடுத்த பயணத்தின் முதல் பழுதுக்குக் காரணமாகிறது. தொட்டியையும் குழாய்களையும் திறந்து வடித்து, குளிர்பெட்டியின் கதவைத் துணி வைத்துத் திறந்தபடி நிறுத்தி, பாட்டரியைச் சார்ஜில் இட்டு, அடிப்பாகத்தைக் கழுவி, முட்டுக்கட்டை வைத்து, கை பிரேக்கை விடுவிக்க வேண்டும். இழுத்தபடியே மாதக்கணக்கில் விடப்பட்ட கை பிரேக், ஈரத்தில் டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். கேரவன் நின்ற டயர்நிலையைச் சுண்ணக்கட்டியால் குறித்து வைத்தால், அடுத்த மாதம் நகர்த்தும்போது வேறு பக்கம் தரையில் படும்படி நிறுத்தலாம்.